சத்துணவும் முட்டையும் தந்த பிறகும் பிள்ளைகள் ஏன் வாடி இருக்கிறார்கள்?

குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: “காலையில் உப்புமாவோ கிச்சடியோ போடுகிறோம். மதியம் சோறு, முட்டை. அப்படியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள். பதினோரு மணிக்கே கண் சொருகுகிறது. குறை சாப்பாட்டிலா, வீட்டிலா, வேறு எங்காவதா?”

டீச்சர், உங்கள் பள்ளியில் போடும் சாப்பாடு வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பு பள்ளிக்கு வந்த பிறகு உருவானது அல்ல. அம்மாவின் ரத்தம், முதல் இரண்டு வயதில் வந்துபோன பேதியும் காய்ச்சலும், குடித்த தண்ணீர், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்பது, இவ்வளவும் சேர்ந்துதான் உங்கள் வகுப்பில் வந்து உட்காருகின்றன. வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல ஆண்டுகள் சுகாதாரப் பணியில் இருந்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குள்ளம் வேறு, ஒல்லி வேறு, ரத்தச்சோகை வேறு. மூன்றையும் நாம் ‘சத்துக் குறைவு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். காரணம் மூன்றுக்கும் ஒன்றல்ல, வைத்தியமும் ஒன்றல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டின்படி ஏழு வயது நிறைந்த பையனின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 122 செ.மீ., பெண் பிள்ளைக்கு 121. பையன் சுமார் 111-க்குக் கீழே, பெண் சுமார் 110-க்குக் கீழே இருந்தால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று பொருள். ஒல்லியா இல்லையா என்பதற்கு எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வரும் எண், ஏழு வயதில் பையனுக்கு 13.1-க்கும் பெண்ணுக்கு 12.7-க்கும் கீழே போனால் அது மெலிவு. உதாரணமாக, 116 செ.மீ. உயரமும் 17 கிலோ எடையும் உள்ள ஏழு வயதுச் சிறுமியைப் பார்த்தால் ‘நல்ல உயரம்’ என்று விட்டுவிடுவோம். கணக்குப் போட்டால் 12.6 வருகிறது. அவள் மெலிந்த பிள்ளை, இப்போது உணவு போதாமல் இருக்கிறாள். அதே வயதில் 109 செ.மீ., 18 கிலோ உள்ள பையனைப் பார்த்தால் ‘பாவம், சாப்பாடே இல்லை போல’ என்று தோன்றும். அவனுக்கு 15-க்கு மேல் வருகிறது. அவன் இன்றைக்குப் போதுமான அளவு சாப்பிடுகிறான். அவன் இழந்தது நான்கைந்து வருஷத்துக்கு முன்பு.

இதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்கிறேன். நீங்கள் கவலைப்படும் பிள்ளை ஒன்று, உண்மையில் கவலைப்பட வேண்டிய பிள்ளை வேறொன்று என்று ஆகிவிடும்.

2016-18இல் நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் உயரம் குறைந்தவர்கள், 23 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 24 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. உங்கள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒவ்வொரு வகையிலும் ஆறேழு பேர் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள்.

சரி, உயரக் குறைவு எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் உயரம் குறைந்தவர்கள். நாட்டின் சராசரியைவிட நாம் நன்றாகவே இருக்கிறோம். ஆனால் அதே ஆய்வில், 15 முதல் 49 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு. இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தற்செயல் அல்ல. இரும்புச்சத்து இல்லாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை இரும்பின் கையிருப்பு குறைவாகவே பிறக்கிறது. ஆறு மாதத்தில் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன ஊட்டுகிறோம்? இட்லி, பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்தது, ரசம் சாதம். பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் ‘செரிக்காது’ என்று ஒரு வயது வரை, சில வீடுகளில் இரண்டு வயது வரை தள்ளிப் போடுகிறார்கள். பதினெட்டு வயதில் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் என்று போகும் வீடுகளில் இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் மோசம். முதல் பிள்ளை பால்குடி மறப்பதற்குள் இரண்டாவது வயிற்றில் வந்துவிடுகிறது. தாயின் உடம்பு தேறுவதற்கு நேரமே இருப்பதில்லை.

இதைச் சொல்வது ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்பதற்காக இல்லை. முன்பு இழந்த உயரத்தை ஏழு வயதில் முழுவதும் மீட்பது கடினம், அது உண்மை. மெலிவைச் சில மாதங்களில் சரி செய்யலாம். ரத்தச்சோகையைச் சுமார் மூன்று மாதத்தில் சரி செய்யலாம். பாடத்தில் கவனம், ஓடி விளையாடும் தெம்பு, காய்ச்சல் வந்தால் சீக்கிரம் எழுந்து நடப்பது எல்லாம் இந்த இரண்டையும் பொறுத்தவை. உங்கள் கையில் இருப்பது அதுதான். அது சின்ன விஷயம் அல்ல.

இனி பள்ளித் தட்டுக்கு வருவோம். 1956இல் காமராஜர் ஆரம்பித்த மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது, பிறகு வாரம் ஐந்து நாளும் முட்டை, 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு என்று ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தட்டின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,700 கலோரி தேவை என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மதிய உணவுக்கு மத்திய அரசின் விதி குறைந்தது 450 கலோரி. நம் சத்துணவில் 100 கிராம் அரிசி, பருப்பு, காய், எண்ணெய், ஒரு முட்டை எல்லாம் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். காலை உணவில் ஆளுக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, கொஞ்சம் பருப்பு, காய். அது சுமார் 300. ஆக, பள்ளி நாளில் எண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். பிள்ளை இரண்டு வேளையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால், தேவையில் ஏறக்குறைய பாதி.

இப்போது வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். பள்ளி நடக்கும் நாட்கள் 210-ஐ ஒட்டித்தான். மீதி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாட்கள் சனி, ஞாயிறு, பண்டிகை, தேர்வு விடுமுறை, மழை விடுமுறை, மே மாதம். முழு வருஷத் தேவையில் பள்ளித் தட்டிலிருந்து வருவது 28 சதவீதம் மாதிரிதான். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, வீடு கொடுத்தாக வேண்டும். இன்னொரு நுணுக்கம்: பள்ளி நாளில் இரண்டு வேளையும் முட்டையும் சேர்த்தால் புரதம் 20 கிராமைத் தாண்டுகிறது. இந்த வயதுக்கு வேண்டியது நாளைக்கு 23 கிராம். அதாவது பள்ளி நாளில் புரதம் பெரிய குறை இல்லை. ஆனால் மாலையும் இரவும் வயிறு நிறையாவிட்டால், உடம்பு அந்தப் புரதத்தை வளர்ச்சிக்கு வைத்துக்கொள்ளாமல் எரித்துவிடும். முட்டை போட்டும் சதை வைக்கவில்லையே என்று கேட்கிறீர்களே, இது ஒரு காரணம்.

இரும்பு தனிக் கதை. இந்த வயதுக்கு நாளைக்கு 15 மி.கி. வேண்டும். சோறு, சாம்பார், முட்டை மூன்றும் சேர்ந்தாலும் அதில் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் பள்ளித் தட்டை எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் ரத்தச்சோகையை அது மட்டும் தீர்க்காது. ரேஷனிலும் சத்துணவிலும் வரும் செறிவூட்டிய அரிசியில் இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசிமணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கிறார்கள். ஊறவைத்தால் அந்த மணிகள் சில மேலே மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறியும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் ஒரு கைப்பிடி அரிசியைக் காட்டிச் சொல்லிவிட்டால் போதும், பெரிய உதவி.

அடுத்து வீடு. இங்கேதான் நம் பகுதியின் வேலைகளைப் பார்க்க வேண்டும். பழைய வடாற்காடு மாவட்டம் இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடந்தாலும் பெண்களின் உழைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் பிழியப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி, தோல் கம்பெனி. குடியாத்தம் பக்கம் பீடி, தீப்பெட்டி. உள்ளே கிராமங்களில் களை எடுப்பு, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தனி.

ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும் கம்பெனி வண்டி ஏழு மணிக்கு முன்பே வந்து நிற்கும். ஐந்து மணிக்கு எழுந்து ஒரு சோறு, ஒரு குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். மாலை ஏழு மணிக்கு வருகிறாள். மாதச் சம்பளம் வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள், வீட்டில் கேஸ் இருக்கிறது. பணத்தைப் பார்த்தால் முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் பிள்ளை நாலரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது அங்கே இருப்பது பாட்டி, இல்லாவிட்டால் பூட்டு. காலையில் வைத்த சோறு ஆறிக் கிடக்கிறது. பாட்டி கையில் பத்து ரூபாய் இருக்கிறது. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் காரத் தீனி, இரண்டு ரூபாய்க்கு மிட்டாய். பிள்ளைக்கு ஆறு மணிக்குப் பசி அடங்கிவிடுகிறது. எட்டரை மணிக்கு அம்மா சுடச்சுடச் சோறு வைக்கும்போது பிள்ளை பாதித் தட்டில் தூங்கி விழுகிறது. அம்மா குற்றம் சொல்ல வேண்டியவள் அல்ல. பாட்டியும் அல்ல. ஆனால் நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவில் உள்ள இந்த நான்கு மணி நேரம்தான், என் கணிப்பில், நம் பகுதிப் பிள்ளைகளின் உடம்பை இன்றைக்கு அதிகமாகத் தீர்மானிக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் இதற்கென்று ஒரு திட்டம் கிடையாது.

பீடி சுற்றும் வீட்டில் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள், ஆனால் கை ஒழிவதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நாளைக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்றால் மடியில் முறத்தை வைத்துக்கொண்டே பிள்ளைக்குச் சோறு எடுத்துப் போட்டுக்கொள் என்று சொல்வாள். பெண் பிள்ளை எட்டு வயதிலேயே உதவிக்கு உட்கார்ந்துவிடும். புகையிலைத் தூள் கையில் இருக்கும், அதே கையால் தட்டைத் தொடும். செங்கல் சூளைக் குடும்பமோ பள்ளியையே விட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறது. சூளை நடக்கும் மாதங்களில் பள்ளித் தட்டும் இல்லை, அங்கன்வாடியும் இல்லை. திரும்பி வரும்போது உங்கள் வகுப்பில் மிக மெலிந்த பிள்ளை அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவின் கூலி டாஸ்மாக்கில் எவ்வளவு போகிறது என்பதும் தட்டில் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கும் வீடுகளில் ஞாயிறு கறி, வியாழக்கிழமை ரசம். வாரக் கடைசிவரை பணம் நிற்பதில்லை. ரேஷன் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய் என்று இருப்பதால்தான் நம் ஊரில் பட்டினி என்ற சொல் அரிதாகிவிட்டது. பட்டினி போனது, ஆனால் பல வீடுகளில் தட்டில் சோறுதான் முக்கால்வாசி. காய் என்றால் உருளைக்கிழங்கு, தக்காளி.

காலை டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விடியற்காலையில் டீயும் பொறையும் கொடுப்பது நம் பகுதியில் சாதாரணம். பசியை அடக்கும், சத்து ஒன்றும் இல்லை. அதைவிட, டீயில் உள்ள பொருள் சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாப்பாட்டோடும் சத்து மாத்திரையோடும் டீ வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா மூன்றும் அதற்கு நேர் எதிரான வேலை செய்யும். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் அந்தக் கீரையிலிருந்து கூடுதல் இரும்பு உடம்பில் சேரும்.

அப்புறம் வயிறு. இந்த விஷயத்தில் உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு வேலூரிலிருந்தே போனது. சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பகுதிக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்து வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வாளர்கள் செய்த வேலை குழந்தைகளின் வயிற்றுத் தொற்றைப் பற்றிப் பல உண்மைகளைச் சொன்னது. வயிற்றுத் தொற்றும் சத்துக் குறைவும் பற்றி எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் இந்தியாவின் இடம் வேலூர்தான். அதில் தெரிந்த முக்கியமான உண்மை: பேதியே ஆகாத குழந்தையின் குடலிலும் கிருமிகள் இருக்கின்றன, அவை சத்தமில்லாமல் வளர்ச்சியைக் குறைக்கின்றன. குடலின் உள்சுவர் திரும்பத் திரும்பப் புண்பட்டு, உணவை உறிஞ்சும் திறனை இழக்கிறது. உள்ளே போன சோறு முழுதாக உடம்பில் சேர்வதில்லை.

கழிவறை கட்டினால் இது தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்த பெரிய ஆய்வுகள் அவ்வளவு எளிதல்ல என்று காட்டின. கழிவறை, கைகழுவுதல், தண்ணீர்ச் சுத்திகரிப்பு என்று வீட்டளவில் எளிய வசதிகள் கொடுத்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. காரணம், ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. தெரு முழுவதும், குழாய் முழுவதும் சுத்தமாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மேல்நிலைத் தொட்டி, சாக்கடையை ஒட்டி ஓடும் பிளாஸ்டிக் குழாய் என்று நம் ஊர்களில் அழுக்கு கலக்க எத்தனை வழி! ஊர்த் தெருவைவிடக் காலனியில் குழாய் கடைசியாக வரும், உடைந்தால் கடைசியாகச் சரி செய்யப்படும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் உயரத்தில் இந்த வித்தியாசமும் ஒளிந்திருக்கிறது. இதை மென்று விழுங்காமல் சொல்லியாக வேண்டும்.

கொக்கிப்புழு வேறு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை, இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி., இதற்குத்தான். மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும், மீண்டும் ஏறுவதைத் தடுக்காது. வீட்டில் பெரியவர்களுக்குப் புழு இருந்தால் பிள்ளைக்குத் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதா, ஊர் முழுவதுக்கும் கொடுப்பதா என்ற கேள்விக்காக நடந்த டீவார்ம்3 ஆய்வின் இந்திய இடங்கள் திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும்தான். செருப்பு போடச் சொல்வது பழைய பேச்சாகத் தெரியலாம், ஆனால் இன்றைக்கும் பலன் உள்ள பேச்சு.

பள்ளியில் தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து முதல் பத்து வயதுக்கு வாரம் ஒன்று, 45 மி.கி. இரும்பும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அதில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளின் பதினோரு மணித் தூக்கத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ரத்தச்சோகையை, இரண்டாவது இரவு பதினொன்று வரை ஓடும் செல்போனை. அதனால் இந்த மாத்திரையை உயிராக நினைத்துக் கொடுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் ஊர் முழுவதும் பேச்சாகிவிடும், அடுத்த வாரம் யாரும் விழுங்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும், உங்கள் கண் முன்னால், தண்ணீரோடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் பாதி மாத்திரை வழியிலேயே போய்விடும்.

நம் மண்ணில் விளைவதை வைத்துச் சொன்னால், எனக்கு மிகவும் பிடித்த விடை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வடாற்காடு பக்கம் மானாவாரி நிலத்தில் தலைமுறை தலைமுறையாக விளைவது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏறக்குறைய 150 கலோரியும் ஏழு கிராம் புரதமும் தரும். அந்த நாலரை மணிப் பசிக்கு இதைவிட ஏற்றது எதுவும் இல்லை. வேகவைத்தது, வறுத்தது, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தது எல்லாம் நல்லது. பூசணம் பிடித்தது, கசப்பது மட்டும் கூடாது, அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். பாக்கெட்டுக்குப் போகும் அதே பத்து ரூபாயில் இது கிடைக்கும். வீட்டில் விளைந்தால் அந்தப் பத்து ரூபாயும் மிச்சம்.

அடுத்தது கேழ்வரகு. 100 கிராமில் 350 மி.கி. அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து, அரிசியோடு ஒப்பிடவே முடியாது. நம் தாத்தா காலத்தில் களியும் கூழும் தினசரி உணவு. இலவச அரிசி வந்த பிறகு களி என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று பிள்ளைகளே வெட்கப்படுகிறார்கள். முருங்கைக்கீரையோடு கேழ்வரகு அடையாகக் கொடுத்தால் அந்த வெட்கம் வராது, சாப்பிடுவார்கள். முருங்கை மரம் இல்லாத தெரு நம் ஊரில் ஏது? கருவாடு, ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அவையெல்லாம் இரும்புக்கு மிக நல்லவை. கீரையின் இரும்பைவிட இவற்றின் இரும்பு உடம்பில் எளிதில் சேரும். எதைச் சாப்பிடுகிறோம் என்று சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படும் சூழல் வகுப்பில் இருக்கக் கூடாது. அதை ஆசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைப் பகுதி, பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி ஊர்களில் கதை கொஞ்சம் மாறும். சாமையும் தேனும் உள்ள மலை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரத் தூரம் அதிகம், பிழைப்புக்கு வெளியூர் போகும் மாதங்களும் அதிகம். அங்கே விடுதிப் பள்ளியின் சமையலறைதான் பல பிள்ளைகளுக்கு வீட்டுச் சமையலறை. அதைக் கண்காணிப்பது இரட்டிப்பு முக்கியம்.

பருமனும் வந்துவிட்டது, டவுன் பக்கம் தனியார் பள்ளிகளில் அதிகம். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனி விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியே கொண்டுவந்தது. உங்கள் பள்ளி வாசலில் ஒரு முறை நின்று பாருங்கள், அந்த விதி எப்படி இருக்கிறது என்று தெரியும். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். அவரும் உங்கள் பிள்ளைகளில் ஒருவரின் உறவினராகத்தான் இருப்பார். மல்லாட்டையும் கொய்யாவும் வைத்து விற்கச் சொல்லுங்கள், விற்பார்.

நீங்கள் பள்ளியில் என்ன செய்யலாம் என்றால், ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் எல்லோரையும் நிறுத்தி உயரமும் எடையும் எடுங்கள். சுவரில் அளவுகோல் ஒட்டினால் போதும், எடைக்கருவி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டால் தருவார்கள். ஏப்ரல் கடைசியில் மறுபடி. பிறகு அடுத்த ஜூனில் மறுபடி. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் எடை குறைந்து வரும் பிள்ளைகளைத் தனியாக எழுதி வையுங்கள். விடுமுறையில் வீடு தாங்க முடியாத பிள்ளைகள் அவர்கள்தான். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அம்மா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போங்கள். திட்டாமல், நாலரை மணிக்குப் பிள்ளை கைக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், பெரும்பாலும் முடிவு எடுப்பவர் அவர்தான்.

சத்துணவு சாப்பிடும் நேரத்தில் கூடவே உட்காருங்கள். கீரை சாதத்திலிருந்து கீரையையும், சாம்பாரிலிருந்து காயையும் ஒதுக்கி வைப்பது யார், பல் வலியால் மெல்ல முடியாமல் விழுங்குவது யார், முட்டையைப் பையில் போட்டுத் தங்கைக்கு எடுத்துப் போவது யார் என்று அங்கேதான் தெரியும். சொத்தைப் பல் சாப்பாட்டைக் குறைக்கும் என்பதை நாம் மறந்தேவிடுகிறோம். முட்டையை எடுத்துப் போகும் பிள்ளையை அதட்ட வேண்டாம். அந்த வீட்டில் இன்னொரு வாய் பசியோடு இருக்கிறது என்று உங்களுக்குச் செய்தி வந்திருக்கிறது. அந்தத் தங்கை அங்கன்வாடியில் பதிவாகி இருக்கிறாளா என்று பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் உங்கள் பட்டியலைக் கையில் கொடுங்கள். முப்பது பேரையும் அரை மணியில் பார்க்கும் டாக்டருக்கு, நீங்கள் குறித்து வைத்த ஐந்து பெயர்கள் பெரிய உதவி. உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்த பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து முதல் பதினொரு வயதுக்கு 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை. அப்போது வாரம் ஒரு மாத்திரை போதாது, மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் வேண்டும். மூன்று மாதம் கொடுத்தும் ஏறாவிட்டாலோ, மெலிவோடு நெடுநாள் இருமலோ காய்ச்சலோ இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்காமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கூலி போய்விடும் என்று பெற்றோர் தயங்குவார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பிரிவு என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு நாள் கூலியோடு வேலை முடியும்.